சும்மாக் கோஷ்டியும் ஆறாவது குடுவையும்

மாத்திரைப் பெட்டியின் பக்கவாட்டில், எறும்பு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில் ஒரு வரி அச்சாகியிருக்கும்: செயலற்ற பொருட்கள். அதற்குக் கீழே மாவு, சர்க்கரை, பசை, மெழுகு என்று ஏழெட்டுப் பெயர்கள். பல மாத்திரைகளில் எடையின் பெரும்பகுதி இவைதான். இருந்தும் செயலற்றவை. எல்லா வேலையையும் செய்துவிட்டு, குழுப்படம் எடுக்கும்போது தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் போல.

முப்பதக்கா எந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாலும் முதலில் அந்த வரியைத்தான் படிப்பார். அவருடைய பிழைப்பே அந்த வரியில்தான் இருந்தது.

அவர் வேலை பார்த்த மருந்துத் தொழிற்சாலையில் மருந்து செய்கிறவர்களுக்கு முன்கட்டு. அந்த மருந்தோடு எந்த மாவை, எந்தப் பசையைச் சேர்த்தால் அது வயிற்றில் போய்க் கரையும் என்று பார்க்கிற நான்கு பேருக்குப் பின்கட்டு. கொதிகலன் அறைக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவே ஒரு நீள அறை. வாசலில் ‘கரைதிறன் மேம்பாட்டுப் பிரிவு’ என்று பலகை. அதை முழுசாகச் சொன்னவர் யாரும் இல்லை. செயலற்ற பொருள் என்பதே வாயில் நுழையாமல், ஸ்டோர் அண்ணன் அதைச் ‘சும்மாப் பொருள்’ என்று சுருக்கிவிட்டார். பொருளுக்கு வைத்த பெயர் ஆட்களுக்கும் ஒட்டிக்கொண்டது. சும்மாக் கோஷ்டி.

“வாங்க முப்பதக்கா, இன்னைக்கு என்ன வேணும்?”

“பால் சர்க்கரை ரெண்டு கிலோ. சும்மா பேசிட்டு நிக்காம எடுத்துக் குடுங்க.”

“நான் சும்மா பேசலைக்கா. சும்மாவைப் பத்திப் பேசுறேன்.”

இந்த ஒரே ஜோக் பதினான்கு ஆண்டுகளாகத் தேயாமல் ஓடிக்கொண்டிருந்தது. 

முப்பது என்பதை வயது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வயதைத் தாண்டி அவருக்கு இருபத்திரண்டு ஆண்டாகியிருந்தது. அது அவர் செய்த சோதனையின் பெயர். உருண்டை அடியுள்ள ஆறு கண்ணாடிக் குடுவைகள்; ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், வயிற்றுப் புளிப்பு அளவுக்கு அமிலம் சேர்த்து, உடம்புச் சூட்டுக்குக் காய்ச்சியது. உள்ளே ஒரு துடுப்பு மெதுவாகச் சுழலும். குடுவைக்கு ஒரு மாத்திரை. முப்பதாவது நிமிடம் தண்ணீரை உறிஞ்சி எடுத்து அளந்து பார்த்தால், நூற்றுக்கு எண்பது பங்கு மருந்து கரைந்திருக்க வேண்டும். கரைந்தால் அது மாத்திரை. கரையாவிட்டால் அது வயிறு வழியாக ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போகிற சுற்றுலாப் பயணி.

பத்தொன்பது ஆண்டுகள் இப்படியே எண்ணி எண்ணி, அவருக்கு எல்லாமே முப்பது நிமிடம் ஆகிவிட்டது. பள்ளி வேன் ஓட்டுகிற அவர் கணவர் சொல்வார்: “இவ கோவம்கூட முப்பது நிமிஷம்தான். ஆனா அதுக்குள்ள நூத்துக்கு எண்பதை முடிச்சிடுவா.”

அந்த ஆண்டு பின்கட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு வலிப்பு மருந்து. வெள்ளை வெளேரென்ற தூள். நல்ல மருந்துதான், மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் சொன்ன வேலையைச் செய்யும். போய்ச் சேர்வதுதான் பிரச்சினை. தண்ணீரில் போட்டால் மேலேயே மிதக்கும். கிளறினால் ஒதுங்கும். யாரோடும் ஒட்டாது, உறவாடாது, இறங்கி வராது. முதல் நாளே அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் விழுந்துவிட்டது.

மாப்பிள்ளையைத் தண்ணீரில் இறக்கப் பதினோரு மாதம் உபசாரம் நடந்தது. பால் சர்க்கரையும் மாவும் சேர்த்தார்கள். மாத்திரை உடைந்தது, மாப்பிள்ளை உடையவில்லை. பசையோடு உருக்கிக் குளிரவைத்தார்கள். முதல் நாள் குடுகுடுவென்று கரைந்தது. எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் சூடான அலமாரியில் வைத்து எடுத்தபோது, பழையபடி படிகமாகித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. வளைய வடிவில் ஒரு சர்க்கரை உண்டு. அதன் நடுக்குழிக்குள் மருந்தை உட்காரவைத்தால், பல்லக்கில் ஏற்றியதுபோல் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கும். மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்தார். ஆனால் அவருக்கு வேண்டிய பல்லக்குகளை எல்லாம் சேர்த்தால் மாத்திரை கட்டைவிரல் பருமனுக்கு வந்தது. சோப்பு இனத்தைச் சேர்ந்த ஒரு சேர்மானத்தை முதல் மாதமே போட்டுப் பார்த்திருந்தார்கள். மாத்திரையின் ஓரம் உதிர்ந்தது. “மருந்துல போய் சோப்பா?” என்று பிரிவுத் தலைவர் முகம் சுளித்தார். நோட்டில் ஒரே வரியோடு அந்தக் கதை முடிந்தது.

தலைவருக்கு ‘எழுத்துப்பூர்வம்’ என்று பெயர். மின்விசிறி ஓடவில்லை என்றாலும், பக்கத்து அறை தீப்பிடித்தது என்றாலும், “எழுத்துப்பூர்வமா குடுங்க” என்பார். கெட்டவர் இல்லை. பேச்சை நம்பி எப்போதோ ஒருமுறை அடிபட்டவர் என்று கேள்வி. அதுவும் வாய்வழிக் கேள்விதான்.

முப்பதக்காவுக்கு மாப்பிள்ளை வெறும் அலுவலகச் சமாசாரம் இல்லை. அவர் வீட்டில் நாத்தனார் இருந்தார், கணவரின் அக்கா. வலிப்பு வந்து ஒருமுறை கடைப் படிக்கட்டிலும், ஒருமுறை குளியலறையிலும் விழுந்தவர். நெற்றியில் நான்கு தையல். இப்போது கடையில் கிடைக்கிற பழைய மாத்திரையை வேளைக்கு நான்கு விழுங்குவார். மாப்பிள்ளையின் பழைய அவதாரம்தான் அது. பாதி கரையாமலே வீணாவதால் அத்தனை. நாத்தனார் அவற்றைச் செங்கல் என்பார்.

“நாலு செங்கல் உள்ளே போயிடுச்சு. இன்னும் ஒரு வாரம் சாப்பிட்டா வயித்துல மாடி கட்டிடலாம்,” என்பார் காலையில். “நீ என்னமோ கரைக்கிறேன் கரைக்கிறேன்னு போறியே, எப்பதான் கரைப்ப?”

“வருது அண்ணி. வந்தா நாலுக்குப் பதிலா ஒன்னு போதும்.”

“போன வருஷமும் வந்துட்டுதான் இருந்துச்சு.”

பன்னிரண்டாவது மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் எண்பதைத் தொடாவிட்டால் பிரிவு கலைக்கப்படும். நான்கு பேரும் பெட்டி அடைக்கும் கூடத்துக்கு. அங்கே வேலை எளிது: துண்டுத்தாளை மடித்துப் பெட்டிக்குள் செருக வேண்டும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே, நாற்காலி கிடையாது. மாத்திரை அழுத்தும் இயந்திரத்தை ஓட்டிய மிஷின் அக்காவுக்கு ஒரு முட்டிக்குள் கம்பி இருந்தது. கடிதத்தை வாசித்தபோது எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். மிஷின் அக்கா மட்டும் தன் முட்டியைப் பார்த்தார்.

மாதம் முடிய ஆறு நாள். நாற்பத்தோராவது கலவை தயாரானது. மருந்தை முன்பைவிட நைசாக அரைத்துச் செய்தது. சோதனை வெள்ளிக்கிழமை.

வியாழன் மாலை கோஷ்டியின் நான்காவது ஆள், குடுவைகளைக் கழுவுகிற அண்ணன், வரவில்லை. மகளுக்குப் பிரசவம். கழுவுவதற்கென்றே இருக்கிற திரவம் அவர் அலமாரியில். அலமாரிச் சாவி அவர் சட்டைப்பையில். சட்டை மருத்துவமனை வராந்தாவில். முப்பதக்கா டீ அறைக்குப் போய், டம்ளர் கழுவுகிற எலுமிச்சை வாசனைச் சோப்புத் திரவத்தை எடுத்துவந்தார். நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆறாவது குடுவை கையிலிருந்து வழுக்கி விழுந்து நொறுங்கியது. மீதி ஐந்தை அலசப்போனால் குழாயில் தண்ணீர் இல்லை. மேல்தொட்டியைச் சுத்தம் செய்கிறார்களாம். மூன்று முறை அலச வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒருமுறை சுழற்றிக் கவிழ்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை, பெட்டியிலிருந்து ஒரு புதுக் குடுவையை எடுத்துச் சுத்தத் தண்ணீரில் அலசி ஆறாவது இடத்தில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை சோதனை நடந்தது. முப்பதாவது நிமிடம் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, அளக்கிற கருவிக்குள் வைத்தார். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. எண்பத்தாறு. எண்பத்தெட்டு. எண்பத்தைந்து. எண்பத்தேழு. எண்பத்தாறு. 

முப்பத்தெட்டு.

ஐந்தாவது எண்ணிலேயே மிஷின் அக்கா முப்பதக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டார். ஆறாவது எண் அந்த அணைப்புக்கு நடுவே வந்தது.

“அது கிடக்கட்டும்,” என்றார் எழுத்துப்பூர்வம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை; பல்வரிசை நன்றாகவே இருந்தது. “அஞ்சு சொல்லுதா, ஒன்னு சொல்லுதா? ஆறாவதை ஒதுக்கிடலாம்.”

“ஒதுக்கணும்னா காரணம் எழுதணும் சார்.”

“எழுதுங்க. எழுத்துப்பூர்வமா குடுங்க.”

படிவத்தில் ‘ஒதுக்கக் காரணம்’ என்று ஒரு கட்டம். முப்பதக்கா பேனாவை எடுத்து, ‘ஆறாவது குடுவை புதியது’ என்று எழுதினார். எழுதிவிட்டு வாசித்தார். புதிதாக இருப்பதில் என்ன தப்பு? புதியதற்கும் பழையதற்கும் என்ன வித்தியாசம்? புதியதை யாரும் சோப்புப் போட்டுத் தேய்க்கவில்லை.

எழுந்துபோய் இரண்டாவது குடுவையின் விளிம்பை விரலால் தடவி மோந்து பார்த்தார். எலுமிச்சை.

ஒரே மாதிரிப் பேசிய ஐந்தும் ஒரே தொட்டியில் குளித்தவை. தனியாக நின்ற ஒன்றுதான் குளிக்காமல் உண்மை சொல்லியிருக்கிறது.

“என்னாச்சு, எழுதியாச்சா?”

“திங்கக்கிழமை தரேன் சார். பேனா மக்கர் பண்ணுது.”

“என் பேனா தரவா?”

“வேண்டாம் சார். அது உங்க கையெழுத்துப் பேனா.”

மனிதர்களுக்கு ஒரு வசதி உண்டு. தெரிந்துவிட்ட ஒன்றை இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். முப்பதக்காவும் வைத்துக்கொண்டார். விரலில் வந்த எலுமிச்சை வாசம் டீ அறையிலிருந்து காற்றில் வந்ததாகக்கூட இருக்கலாம். துளி சோப்பு ஒரு லிட்டர் தண்ணீரில் என்ன செய்துவிடும்? கழுவியது அவர் ஒருவர்தான். அவர் சொல்லாவிட்டால் குடுவையா வந்து சொல்லப்போகிறது? மிஷின் அக்காவுக்கு நாற்காலி மிஞ்சும்.

சனிக்கிழமை காலை அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, நாத்தனாரின் முகப்பவுடரை அதன்மேல் தூவினார். பவுடர் மாப்பிள்ளையைப் போலவே மேலே பரவி உட்கார்ந்தது. ஸ்பூனால் கலக்கினார். சுற்றிவந்து மறுபடி மேலேயே உட்கார்ந்தது. பாத்திரச் சோப்பை விரல்நுனியில் தொட்டு ஒரு சொட்டு விட்டார். பவுடர் திடுக்கிட்டு விலகி, நனைந்து, பனி பெய்வதுபோல் அடியில் இறங்கியது.

“அடியே, அது என் பவுடர் டப்பா!” வாசலில் நாத்தனார். “முகத்துக்குப் போடறதைத் தண்ணிக்கு எதுக்குடி போட்ட?”

“ஒரு சந்தேகம் அண்ணி.”

“சந்தேகத்துக்குப் பவுடர் பூசிப் பார்த்தா அழகாயிடுமா?”

முப்பதக்கா சிரிக்கவில்லை. நாத்தனாருக்கு அது புதிது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பதக்கா எல்லாவற்றையும் சொன்னார். வியாழக்கிழமை, குழாய், உடைந்த குடுவை, எண்பத்தாறு, எண்பத்தெட்டு, மிஷின் அக்காவின் முட்டி.

“அப்ப உன் மாத்திரை கரையலை.”

“சோப்பு இருந்தா கரையுது அண்ணி.”

“என் வயித்தை யாருடி சோப்புப் போட்டுக் கழுவி வச்சிருக்கா?”

முப்பதக்கா பவுடர் டப்பாவை மூடி வைத்தார்.

“நாலு செங்கலை விட்டுட்டு, உன் மாத்திரை ஒன்னே ஒன்னு போட்டுக்கிட்டு நான் படிக்கட்டுல ஏறுறேன்னு வை,” என்றார் நாத்தனார். நெற்றித் தையலைத் தடவிக்கொண்டு எழுந்தார். “பவுடர் புது டப்பா வாங்கிக் குடு. இது முழுகிப்போன பவுடர்.”

திங்கட்கிழமை தலைவரின் மேசைமேல் இனிப்பு டப்பா இருந்தது. முப்பதக்கா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். எழுத்துப்பூர்வம் முழுதும் கேட்டார். டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு, அவருடைய உத்தியோக வாழ்க்கையிலேயே முதன்முறையாக, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“இதை எழுத்துப்பூர்வமா குடுக்காதீங்க.”

“சார்?”

“வாயால சொன்னீங்க, காதால கேட்டேன். இதோட இருக்கட்டும். இன்னொரு தடவை அரைச்சுக்கலாம், அடுத்த கலவையில சரி பண்ணிக்கலாம். இப்ப அஞ்சு எண் இருக்கு. நாலு பேர் இருக்கோம்.”

“வெளியில ஆயிரம் வயிறு இருக்கு சார். எங்க வீட்டுலயே ஒன்னு இருக்கு.”

முப்பதக்கா அங்கேயே, அவர் பேனாவை வாங்கியே எழுதினார். ‘குடுவைகள் ஒன்று முதல் ஐந்து வரை வியாழனன்று என்னால் டீ அறைச் சோப்பில் கழுவப்பட்டு ஒருமுறை மட்டும் அலசப்பட்டன. ஆறாவது மட்டுமே சுத்தம். ஒதுக்க வேண்டியவை முதல் ஐந்தும். ஆறாவதை ஒதுக்கக் காரணம் இல்லை.’ கையெழுத்து, தேதி.

அன்று பிற்பகல் முறைப்படி மூன்று தண்ணீர் அலசி மறுபடி சோதித்தார்கள். முப்பத்தொன்பது, முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நாற்பது, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. ஆறும் ஒற்றுமையாக இருந்தன. யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.

ஒன்றாம் தேதி நான்கு பேரும் பெட்டி அடைக்கும் கூடத்தில் நின்றார்கள். எந்தக் காரியத்தில் தாமதித்தாலும் கலைக்கிற காரியத்தில் மேலிடம் தாமதிப்பதில்லை. மிஷின் அக்கா முட்டியில் துணி சுற்றிக்கொண்டு ஒரு காலில் நின்று பழகினார். மூன்று நாள் அவர் முப்பதக்காவோடு பேசவில்லை. நான்காம் நாள், “அந்த அட்டைக் கட்டை இப்படிக் குடு, நான் சாஞ்சுக்கறேன்,” என்றார். மன்னிப்பு என்பது பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு சாமான் கேட்டுத்தான் வரும்.

இரண்டாவது வாரம் எழுத்துப்பூர்வம், துண்டுத்தாளை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்: “முதல் மாசம் ஒன்னை விட்டோமே. சோப்பு இனம்.”

“ஓரம் உதிர்ந்துதுன்னு விட்டோம் சார்.”

“அப்ப மருந்து இவ்வளவு நைசா அரைக்கலை. அளவும் கூடப் போயிடுச்சு.” ஒரு தாளை மடித்தார். “உங்க தப்புல ஒரு செய்தி இருந்துச்சு. தண்ணி மாப்பிள்ளையை நனைக்கவே மாட்டேங்குது. நனைச்சாப் போதும், அப்புறம் அவரே கரைஞ்சுக்கறார்.”

பெரிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். இந்த வகைச் சேர்மானம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மருந்துத் தரத்தில் செய்து டப்பாவில் விற்கிறார்கள். தெரிந்திருந்தும் முகம் சுளித்து விட்டதைத் திரும்பப்போய் எடுப்பதுதான் கஷ்டம். அதிலும் சுளித்த முகமே எடுப்பது.

“சோதிக்க நேரம் ஏது சார்?”

“சாப்பாட்டு நேரம் எவ்வளவு?”

முப்பது நிமிடம்.

“அனுமதி?”

“குடுத்தாச்சு.”

“எழுத்துப்பூர்வமாவா?”

“வாயாலதான்,” என்றார், சங்கடமாக.

ஸ்டோர் அண்ணன் சேர்மானத்தை அளந்து கொடுத்தபோது, “இன்னைக்கும் சும்மாதானா?” என்றார்; அவர் குரலில் அன்று கிண்டல் குறைவு. கழுவுகிற அண்ணன், பேத்தியின் படத்தைக் காட்டிக்கொண்டே, பன்னிரண்டு மணிக்கு முன்னால் கூடத்திலிருந்து நழுவிப்போய்த் தண்ணீரைச் சூடாக்கி வைத்துவிடுவார். மிஷின் அக்கா பின்கட்டு முக்காலியில் உட்கார்ந்து மாத்திரை அழுத்துவார். அந்த உட்காருதலுக்காகவே வந்ததாகச் சொல்வார். முப்பதக்கா ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் உறிஞ்சுகுழாய். ஐம்பத்தொன்று. அறுபத்திரண்டு. உதிர்ந்தது. எழுபத்தொன்று. மறுபடி உதிர்ந்தது. பசையை மாற்றினார்கள். ஐந்து மாதம், நாற்பத்தெட்டுக் கலவை வரை.

நாற்பத்தொன்பதாவது அன்று ஆறும் எண்பதைத் தாண்டின. ஆறாவதுதான் குறைவு: எண்பத்தொன்று. முப்பதக்கா எழுந்துபோய் ஆறு விளிம்புகளையும் மோந்து பார்த்தார். ஒன்றிலும் ஒரு வாசமும் இல்லை. அதற்குப் பிறகுதான் மீதி ரொட்டியைச் சாப்பிட்டார்.

எழுத்துப்பூர்வம் எல்லாவற்றையும் பழையபடி எழுதி மேலே அனுப்பினார். முறையான சோதனை, அலமாரிச் சோதனை, ஆட்களிடம் சோதனை, அனுமதி என்று மூன்று ஆண்டுக்குமேல் ஆயிற்று. பின்கட்டுப் பலகையைத் திரும்ப மாட்டினார்கள். பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று ஒரு சீட்டு. அது இன்னும் இருக்கிறது.

புதுப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளில் நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பினார். மருத்துவர் வேளைக்கு இரண்டு எழுதியிருந்தார்.

“ஒன்னுன்னு சொன்ன. ரெண்டா இருக்கு.”

“நாலு ரெண்டாச்சே அண்ணி.”

“மீதி ரெண்டை எப்பக் கரைப்ப?” பக்கவாட்டு வரியைச் சுட்டினார். “இதுல உன் சரக்கு எது?”

முப்பதக்கா செயலற்ற பொருட்களில் ஐந்தாவதைக் காட்டினார். 

“செயலற்றதா? யாருடி எழுதினா இதை?” என்றார் நாத்தனார். பிறகு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கருகே வைத்தார். “சோப்பு வாசம் இல்லையே?”

“மூணு தண்ணி அலசினேன் அண்ணி.”

“எழுதிக் குடு,” என்றார். இரண்டு மாத்திரையையும் வாயில் போட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.